மோதிரத்தைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்

நான்கு ஆண்டுகளில் என் செருப்பின் அளவு 7-லிருந்து 9 ஆனது. வயதாகிறது, எடை கூடுகிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். இந்த ஹார்மோன் சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்டது என் பழைய புகைப்படங்களை. பிறகு, விரலில் இறுகிக் கிடந்த மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தார். 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். இறங்க வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் இறங்கவே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், அந்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் 12 மில்லிமீட்டர் கட்டி. மூக்கு வழியாகவே அகற்றினார்கள். பரிசோதனை முடிவுக்கு 10 நாள் காக்கவைத்தது பெரிய குறை. ஆனால் காய்ச்சல் வந்தால், உடலில் குறையும் கார்டிசால் ஹார்மோனுக்குப் பதிலாக நான் எடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதை என் கணவர் வாயாலேயே மூன்று முறை சொல்லவைத்தாரே அந்தச் செவிலியர், அவருக்குக் கோடி நன்றி. மோதிரம் இப்போது விரலில் தளர்வாகச் சுழல்கிறது.