மாஸ்டடானில் மூன்று வருடங்களுக்கு மேல்: ஒரு டெவலப்பரின் பயன்பாட்டு அனுபவம்

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 4,400 கோடி டாலருக்குக் கைமாறியபோது, அதே மாதிரியான சமூக வலைத்தளமான மாஸ்டடானில் கணக்குத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். கூட வந்தவர்களில் பாதிப் பேர் பொங்கலுக்கு முன்பே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இருந்துவிட்டேன். தொழில்நுட்பச் செய்திகளைத் தெரிந்துகொள்ள இன்று நான் முதலில் திறப்பது இதைத்தான். பரபரப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்பட்டு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடான செய்தி வேறு இடங்களில் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அந்த வேலையைச் செய்தவரே வந்து "நடந்தது இதுதான்" என்று சொல்வதை நான் அதிகம் பார்த்தது இங்கேதான்.

அமைப்பு பலருக்கும் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நிறுவலாம். ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாக அந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். விளம்பரம் கிடையாது. நாம் தொடர்பவர்கள் எழுதியது எழுதிய நேர வரிசையிலேயே வரும்.

அதனால் முதல் வாரத்தில் டைம்லைன் காலியாகக் கிடக்கும். பலர் விட்டுப் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்களைத் தேடிப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஹாஷ்டேக்கைத் தொடரும் வசதிதான் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்), லினக்ஸ், பைத்தான் என்று சிலவற்றைத் தொடர்ந்தாலே போதும், கொஞ்ச நாளில் யார் விஷயத்தோடு எழுதுகிறார்கள், யார் சுட்டி மட்டும் போடுகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். இன்னொன்று: எந்தப் பொதுக் கணக்கின் முகவரிக்குப் பின்னாலும் .rss என்ற நீட்சியைச் சேர்த்தால், புதுப் பதிவுகளைச் செய்தியோடைச் செயலியில் படிக்கலாம். கணக்கே வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம்.

இந்த இடத்தின் அருமை எனக்கு உறைத்தது 2024 மார்ச் 29 அன்று, புனித வெள்ளி. போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இஸட் (xz) மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருப்பதைப் பாதுகாப்பு அஞ்சல் பட்டியலில் அறிவித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்ற கதையைச் சில வரிகளில் மாஸ்டடானில் எழுதினார். ஏதோ வேக அளவீட்டுக்காகக் கணினியை அமைதிப்படுத்த முயன்றிருக்கிறார். தவறான பயனர்பெயரோடு வரும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வசதி) முயற்சிகள் உடனே தோற்றுப்போக வேண்டியவை, ஆனால் அவை சிபியுவை அளவுக்கு மீறித் தின்றன. உள்நுழைவு அரை விநாடி தாமதமானது. சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி காட்டிய ஒரு விநோதமான புகார் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் பின்கதவு.

அடுத்த சில மணி நேரம் டைம்லைன் ஒரு பட்டறை மாதிரி இருந்தது. சோதனைக் கோப்பு என்ற பெயரில் கிடந்த பைனரியை ஒருவர் பிரித்துக்கொண்டிருந்தார். அதை வெளியே எடுக்கும் வரி எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார்பால் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது என்று இன்னொருவர் காட்டினார். டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்புக்கு ஆபத்தில்லை, சோதனைக் கிளைகளில்தான் சிக்கல் என்பதும் சீக்கிரமே தெளிவானது. நான் எங்கள் அலுவலக சர்வர்களில் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக அந்தத் திரிக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். பார்வை எண்ணிக்கையும் காசும் இல்லாத இடம் என்பதால் புரளி குறைவு என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதினார்கள், பதிவைத் திருத்தினால் திருத்தியதாகவே காட்டியது.

மறுநாளே பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் அந்த மென்பொருளைக் கவனித்து வந்த லாஸ்ஸே கொலின் மீது 2022-இலேயே அடையாளம் தெரியாத கணக்குகள் எப்படி நெருக்கடி கொடுத்தன, "ஜியா டான்" என்ற பெயரில் வந்தவர் எப்படிப் பொறுப்பை வாங்கினார் என்பதெல்லாம் பழைய மின்னஞ்சல்களோடு அலசப்பட்டன. பின்கதவு இரண்டு நாளில் அடங்கிய செய்தி. தனி ஆளாக ஒரு மென்பொருள் நூலகத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களின் நிலைமை பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. இணையத்தில் தரவைப் பரிமாற உதவும் கர்ல் மென்பொருளின் டேனியல் ஸ்டென்பெர்க் அப்படித்தான் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் போலிப் பாதுகாப்புப் புகார்கள் தன் குழுவின் நேரத்தை எப்படித் தின்றன என்று தொடர்ந்து சொல்லி வந்தார். இந்த மாதிரிக் கவலைகள் செய்தித் தளங்களுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கவலை சீக்கிரம் புலம்பலாகிவிடும். ஏஐ என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ஒரே மாதிரி வசவு வரிசையாக வரும். அதை வேலையில் தினமும் பயன்படுத்துபவர்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஏஐ மாடல்கள் பற்றிய ஆய்வுப் பேச்சு பெரும்பாலும் இன்னும் எக்ஸில்தான் நடக்கிறது. நான் சில சொற்களுக்கு வடிகட்டி போட்டு வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் காலைக் காபி இறங்காது.

சர்வர் விஷயத்துக்கு வருவோம். நான் முதலில் சேர்ந்த சர்வர் மூடப்பட்டது. பெயர் வேண்டாம், அட்மின் நல்ல மனிதர், தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. முன்கூட்டியே அறிவித்ததால் புது சர்வருக்கு மாற நேரம் இருந்தது. என்னைத் தொடர்பவர்கள் தானாகவே கூட வந்தார்கள். நான் தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கி ஏற்றிக்கொண்டேன். ஆனால் பழைய பதிவுகள் வரவில்லை. காப்பகக் கோப்பு கைவசம் இருக்கிறது, அதைப் புதுக் கணக்கில் ஏற்ற வழியில்லை.

டெவலப்பர்கள் நிறைந்த ஹேக்கிடெர்ம் சர்வர், அதைத் தொடங்கிய கிறிஸ் நோவாவின் வீட்டு அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் ஒரே மாதத்தில் சுமார் 30,000 பேர் ஆனார்கள், வட்டுகள் திணறின, ஐரோப்பியத் தரவு மையத்துக்கு மாற்றினார்கள். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை விவரமாக எழுதியும் வைத்தார்கள். சிஸ்டம் வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்ல பாடம். நோவா 2023 ஆகஸ்டில் இறந்த பிறகும் அந்த சர்வர் ஓர் அறக்கட்டளையின் கீழ் ஓடுகிறது. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது இதைத்தான் பார்க்கிறேன்: பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், கணக்கு வழக்கை வெளியிடுகிறார்களா. மாதாமாதம் சின்னத் தொகை அனுப்புகிறேன்.

குறைகளில் என்னை அதிகம் படுத்தியது விடுபடும் பதில்கள். வேறு சர்வரில் நடக்கும் விவாதத்தில் நம் சர்வருக்கு எட்டிய பதில்கள் மட்டுமே தெரியும், ஏற்கெனவே பத்துப் பேர் சொன்னதையே பதினோராவதாகப் போய்ச் சொல்வோம். 2025 பதிப்புகளில் இதைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். தேடல் 2023 வரை பரிதாபம். இப்போதும் அனுமதி கொடுத்தவர்களின் பதிவுகள்தான் கிடைக்கும். தனிச்செய்திகளுக்கு முழு மறையாக்கம் கிடையாது, அட்மின் நினைத்தால் படிக்கலாம். அதில் கடவுச்சொல் அனுப்பாதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன லாபம். மாஸ்டடான் எழுத்தை எழுத்தாகவே எண்ணுகிறது. "தமிழ்" என்றால் மூன்று. எக்ஸ் புள்ளியையும் இகரக் குறியையும் தனியாக எண்ணி ஐந்து என்று கணக்குப் போடும். வரம்பும் இங்கே 500, எனவே ஒரு பிழையை விளக்கிவிட்டு மிச்சமும் இருக்கும். படிக்க ஆள்தான் குறைவு. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, பெரும்பாலானோர் நிலைக்கவில்லை. இப்போது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் தமிழில் எழுதுகிறார்கள். தொழில்நுட்ப சர்வர்களில் சேரும் முன் விதிகளைப் படியுங்கள், பொதுப் பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொன்ன சர்வரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சமூக வலைத்தளமான ப்ளூஸ்கையிலும் எனக்குக் கணக்கு உண்டு. சொந்த டொமைனையே பெயராக வைத்துக்கொள்ளலாம், ஆட்களைக் கண்டுபிடிப்பதும் எளிது, வெப் டெவலப்பர்கள் அங்கே அதிகம். ஆனால் பெரும்பாலான கணக்குகள் இன்னும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன, ஒருமுறை ஏமாந்தவனுக்கு அது உறுத்தும். வேலைவாய்ப்புக்கும் சென்னை மீட்டப் அறிவிப்புகளுக்கும் இரண்டுமே உதவாது. அதற்கு லிங்க்ட்இன்னும் வாட்ஸ்அப் குழுக்களும்தான்.