மந்திர ஜெபப் பயிற்சி: போரின் வடு ஆறாதவர்களுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளில், போரின் பேரதிர்ச்சி நீங்காமல், அதனால் வரும் மனநோயோடு (PTSD) வாழ்பவர்களுக்கென ஆராய்ந்து பார்க்கப்பட்ட சேவைகளுள் மந்திர ஜெபப் பயிற்சியும் ஒன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் நாமஜெபம் என்று சொல்வதைத்தான், சான் டியாகோவைச் சேர்ந்த செவிலியர் ஆய்வாளர் ஜில் போர்மன் ஒரு பாடத்திட்டமாக வகுத்தார். அதற்கு மூலமாக அமைந்தவை, கேரளத்தில் பிறந்து, 1961இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தியான மையம் தொடங்கிய ஏக்நாத் ஈஸ்வரனின் போதனைகள். இந்தப் பயிற்சியின் முறையையும் அதன் மீது நடந்த ஆய்வுகளையும் படித்து, சில மாதங்கள் அதன்படி ஜெபித்தும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நான் போர்க்களம் கண்டவன் அல்லன். ஆகவே நோயுற்றவரின் இடத்தில் நின்று பேசவில்லை.

பயிற்சியில் மூன்று கருவிகள் உண்டு. முதலாவது, ஏதேனும் ஒரு சமய மரபிலிருந்து ஒரு நாமத்தைத் தேர்ந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பது. ராமநாமம், இயேசுவின் பெயர், பிஸ்மில்லாஹ், ஓம் மணி பத்மே ஹூம் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தமாக ஒன்றைப் புனைந்துகொள்ளாமல், எடுத்ததை அடிக்கடி மாற்றாமல் இருக்க வேண்டும். மற்ற இரண்டும், செய்வதை நிதானமாகச் செய்வதும், ஒரு நேரத்தில் ஒன்றிலேயே கருத்தூன்றுவதும் ஆகும். அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. பயிற்சியின் உயிர் முதல் கருவியில்தான் இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடையில் பணம் செலுத்த வரிசையில் நிற்கும் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். பின்னால் யாரோ ஒரு பெட்டியைத் தவறவிடுகிறார்கள். சத்தம் என்னவென்று அறிவு உணர்வதற்குள் உடம்பு விறைத்துக்கொள்கிறது, கண் வாசலைத் தேடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் அவர் கண்ணை மூடவோ, சம்மணமிட்டு அமரவோ, தனியிடம் தேடவோ தேவையில்லை. உதடு அசையாமல் நாமத்தைத் தொடங்கினால் போதும். கண்ணை மூடு என்று தொடங்கும் தியான வகுப்புகள் இந்நோய் உள்ள பலருக்குப் பெரும் இடையூறு. பலர் கூடிய அறையில் கண்மூடி அமர்வதைப் பாதுகாப்பாக உணர அவர்களால் முடிவதில்லை. இந்தப் பயிற்சி அந்தத் தடையையே இல்லாமல் செய்துவிடுவதை அதன் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

ஆனால் பதற்றம் வந்த பிறகு நாமத்தைத் தேடினால் அது கிடைக்காது. உறங்கப் போகும்போதும், நடக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், அதாவது மனம் அமைதியாக இருக்கும் பொழுதுகளில் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும் என்பதைப் பயிற்சி வற்புறுத்துகிறது. சிறுவயதில் பேய்க்கு அஞ்சிய காந்திக்கு ரம்பா என்ற பணிப்பெண் ராமநாமத்தைச் சொல்லித்தந்ததும், அது வாழ்நாள் முழுவதும் அவரோடு இருந்ததும் இந்த முறைக்கு ஒரு நல்ல முன்னுதாரணம்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 2018இல் அமெரிக்க மனநல மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வில் 173 முன்னாள் படைவீரர்கள் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு வாரம் ஒன்றாக எட்டுத் தனி அமர்வுகளில் ஜெபப் பயிற்சியும், மற்றொரு சாராருக்கு அன்றாடச் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் நிகழ்கால மைய சிகிச்சையும் வழங்கப்பட்டன. அமர்வுகள் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில், ஜெபக்குழுவில் 59 விழுக்காட்டினருக்கும் மற்றக் குழுவில் 40 விழுக்காட்டினருக்கும் நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. தூக்கமின்மையும் ஜெபக்குழுவில் கூடுதலாகக் குறைந்தது. இதற்கு முன் 146 பேரிடம் குழுவாக நடத்திய ஆய்வின் பலன் இதைவிட அடக்கமானது: வழக்கமான சிகிச்சையோடு ஜெபமும் சேர்ந்தவர்களில் 24 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர்.

இந்த எண்களை ஒரு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். இந்நோய்க்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகள், அதிர்ச்சி நினைவை நேரடியாக எதிர்கொள்ள வைப்பவை. இந்த இரண்டு ஆய்வுகளும் ஜெபத்தை அவற்றோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவில்லை. நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஜெபப் பயிற்சியின் கவர்ச்சி. அதே காரணத்தால் அந்த நினைவு தொடப்படாமலே தங்கிவிடவும் கூடும்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. பயிற்சி சமயத்தின் நாமத்தை எடுத்துக்கொள்கிறது, சமயத்தின் கேள்விகளை வாசலிலேயே விட்டுவிடுகிறது. நான் கொன்றவனை எப்படி மறப்பேன், கடவுள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்பவருக்கு அதனிடம் பதில் இல்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமானது, அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் உளவியலாளர் ஐரீன் ஹாரிஸ் உருவாக்கிய, ஆன்மிக வலிமையை வளர்க்கும் குழுப் பயிற்சி. இறைவனிடம் முறையிடுவதையும் மன்னிப்பையும் அங்கே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். நோயின் அறிகுறிகளைக் குறைப்பதில் அது நிகழ்கால மைய சிகிச்சைக்கு இணையாகவே நின்றது; இறைவனோடு உண்டான பிணக்கைத் தணிப்பதில் முந்தியது.

தமிழர்களுக்கு இந்தப் பயிற்சி அந்நியமாகவே தோன்றாது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் ஐந்தெழுத்தைப் பற்றிக் கரையேறிய கதை பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இந்தப் பழக்கமே இரண்டு வகையில் தீங்காகலாம். ஒன்று, சாமியைக் கும்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும் உறவினர்களுக்கு இது ஒரு சாக்காகிவிடலாம். பயிற்சியின் நோக்கம் அதற்கு நேர்மாறானது. மற்றொன்று, நாமத்தின் தேர்வு. வன்னியில் ஷெல் விழுந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் இருந்து ஒருவர் கூவி அழைத்த பெயரே, பின்னாளில் அந்தக் குழியின் இருட்டை அவருக்குத் திரும்பக் கொண்டுவரலாம். அத்தகையவர், குலதெய்வத்தின் பெயர் என்பதற்காக அதையே எடுத்துக்கொள்ளாமல், சொல்லும்போது உடம்பு தளர்கிறதா விறைக்கிறதா என்று சிகிச்சையாளரின் துணையோடு பார்த்துவிட்டு, தேவையானால் வேறு நாமத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.