'மும்பை சர்வர், நான்கு கோர்' என்று விற்றதை அளந்து பார்த்தபோது: வாடகை சர்வர் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளை நடத்துவதற்காக மாத வாடகையில் மெய்நிகர் கணினி (தொலைவில் உள்ள ஓர் உண்மையான இயந்திரத்தில் நமக்கு ஒதுக்கப்படும் பங்கு), அதாவது வி.பி.எஸ்., எடுக்க நினைக்கும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுக்காகப் பணம் கட்டும் பெரியவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே முறையில் விற்பவர்கள் பலர் இருப்பதால் ஒரு பெயரைச் சொல்வதில் பெரிய பயனும் இல்லை.

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்து விளையாடுவதற்கு, எல்லோரும் இணையம் வழியாக வந்து சேரும் ஒரு பொதுக் கணினி, அதாவது சர்வர், தேவைப்பட்டது. ஒருவன் தக்கலையில், ஒருவன் நாகர்கோவிலில், இன்னொருவன் தகப்பனாருடன் ஷார்ஜாவில் இருக்கிறான். வீட்டுக் கணினியிலேயே நடத்தலாம் என்றால், பெரும்பாலான வீட்டு இணைய இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐ.பி. முகவரிதான் கொடுக்கப்படுகிறது, வெளியிலிருந்து வருபவர் நம் கணினியை நேரடியாக எட்ட முடியாது. மழைக்காலத்தில் மின்சாரம் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. பையன்கள் அந்த உலகத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்தை அளவு மாறாமல் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மைன்கிராஃப்டில் ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்பதால் 115 அடி உயரத்துக்கு 35 கட்டங்கள், தூண்கள் 28.

விளம்பரத்தில் இருந்தது இது: நான்கு டெடிகேட்டட் கோர் (செயலியில் கணக்கிடும் பகுதிகள் நான்கு, வேறு யாருடனும் பகிராமல் நமக்கு மட்டும்), பதினாறு ஜி.பி. ரேம், என்.வி.எம்.இ. என்ற வேகமான வட்டு, இடம் மும்பை. பணம் கட்டிய சற்று நேரத்தில் முகவரியும் கடவுச்சொல்லும் வந்துவிட்டன. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், ஜாவா, சர்வர் கோப்பு ஆகியவற்றை நிறுவி, உரிம ஒப்புதல் கோப்பில் 'ட்ரூ' என்று மாற்றி, விளையாடுபவர்கள் இணையும் வாயிலான 25565 என்ற போர்ட்டைத் திறந்தவுடன் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். பகல் முழுவதும் எந்தக் குறையும் தெரியவில்லை.

மாலை ஏழு மணிக்குப் பிறகு நிலைமை மாறியது. "மாமா, உடைச்ச கல்லு திரும்ப வந்து நிக்குது" என்று அக்கா மகன் கூப்பிட்டான். சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தால் 'கான்ட் கீப் அப்! இஸ் த சர்வர் ஓவர்லோடட்?' (ஈடுகொடுக்க முடியவில்லை, சர்வருக்குச் சுமை கூடிவிட்டதா?) என்ற வரி வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. இந்த விளையாட்டின் சர்வர் நொடிக்கு 20 முறை தன் உலகத்தைக் கணக்கிட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதாவது ஒரு முறைக்கு 50 மில்லிநொடிதான் அவகாசம். அதற்குள் முடிக்க இயலாதபோது உடைத்த கல் திரும்பி வரும், அடித்த மாடு அசையாமல் நிற்கும். விற்றவரின் உதவிப் பிரிவுக்கு எழுதியதற்கு, "சார், உங்க சைடுல நெட் ஸ்லோவா இருக்கும், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில் வந்தது. மூன்று ஊர்களிலும் ஷார்ஜாவிலும் ஒரே நேரத்தில் ரூட்டர் கெடுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நெட் பழுதானால் சர்வரின் பதிவுக் கோப்பில் அந்த வரி விழாது. ஆகவே லினக்ஸில் 'டாப்' என்ற கட்டளையை இயக்கிப் பார்த்தோம். மேலிருந்து மூன்றாவது வரியின் கடைசியில் 'எஸ்டி' என்று ஓர் எண் இருக்கும்; பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நம் மெய்நிகர் கணினி வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியில் இருக்கும் உண்மையான இயந்திரம் வேறொருவருக்கு வேலை செய்துகொண்டிருந்ததால் நாம் காத்துக்கிடந்த நேரத்தின் விழுக்காடு அது. ஒழுங்கான இடத்தில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். எங்களுடையதில் காலையில் இரண்டு, மூன்று என்று இருந்தது; இரவு எட்டு மணிக்கு நாற்பதைத் தாண்டியது. ஒரே வீட்டைப் பலருக்கு ஒத்திக்கு எழுதிக் கொடுத்ததைப் போல, ஒரே இயந்திரத்தின் கோர்களை அளவுக்கு மீறிப் பலருக்கு விற்றிருக்கிறார்கள். கோர்களைப் பகிர்ந்து விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், குறைந்த விலைக்கு அதில் தவறுமில்லை. 'டெடிகேட்டட்' என்று எழுதி அதற்கான விலையை வாங்கிக்கொண்டு பகிர்ந்ததைத்தான் மோசடி என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் சர்வரின் முதன்மைக் கணக்கீடு பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. எனவே நான்கு, எட்டு என்று எண்ணிக்கையைக் காட்டி விலை ஏற்றுபவரிடம், அந்த ஒரு கோரின் வேகம் எவ்வளவு, செயலியின் மாடல் எண் என்ன என்று கேட்க வேண்டும்.

இடத்தைப் பற்றிய பொய்யைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் ஆயிற்று. ஐ.பி. முகவரியைத் தேடித் தரும் தளங்கள் எல்லாம் மும்பை என்றே காட்டின. ஆனால் அந்தத் தளங்கள் முகவரியை வைத்திருப்பவர் அறிவிக்கும் விவரத்தையும் நம்பித்தான் ஊரைக் காட்டுகின்றன. ஆகவே செய்தி போய்வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டோம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். கேபிள் சுற்றிச் செல்வதையும் சேர்த்தால்கூட நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு 'பிங்', அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், ஐம்பது மில்லிநொடிக்குள் இருப்பது இயல்பு. எங்களுக்கு எந்த நேரத்திலும் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. செய்தி எந்தெந்த ரூட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் 'ட்ரேஸ்ரூட்' கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, கடைசிக்கு முந்தைய ரூட்டர்களின் பெயரில் 'எஃப்.ஆர்.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தன. அது ஜெர்மனியில் உள்ள ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தின் குறியீடு, ரூட்டர்களுக்குப் பெயர் வைப்பவர்கள் அதையே ஊர்ப் பெயராகப் பயன்படுத்துவது வழக்கம்.

இந்த விவரங்களை எல்லாம் படங்களுடன் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டதும் சர்வரை முடக்கிவிட்டார்கள். நாங்கள் 'நியாயமான பயன்பாட்டு' விதியை மீறி அதிகமாக சி.பி.யு. எடுத்தோமாம். விலைக்கு வாங்கிய கோரே முழுதாகக் கிடைக்காதவர் எப்படி அதிகமாக எடுத்திருக்க முடியும்? உள்ளே இருந்த உலகத்தின் கோப்புகளைக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பணம் திரும்பத் தரப்படாது, அவர்களுடைய தளத்தின் வாலட்டில் மட்டும் வரவு வைக்கப்படும் என்றார்கள். 'வேர்ல்ட்' என்ற கோப்புறையை அக்கா மகன் அவ்வப்போது தன் கணினிக்கு இறக்கி வைத்திருந்ததால் பாலம் தப்பியது. கடைசியாகக் கட்டிய சில தூண்கள் மட்டும் போயின.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாததைச் சுட்டிக்காட்டி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தோம். அதில் தீராததால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. தொகை சிறியது என்று பலர் விட்டுவிடுவார்கள் என்ற துணிச்சலில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்கிறார்கள்.

பையன்கள் இப்போது மணிக்கணக்கில் வாடகை வசூலிக்கும் வேறோர் இடத்தில் இரண்டே கோர் எடுத்திருக்கிறார்கள். பணம் போட்ட அன்றே இரவு எட்டு மணிக்கு 'எஸ்டி' எண்ணையும் 'பிங்'கையும் பார்த்த பிறகுதான் பாலத்தை அங்கே ஏற்றினார்கள். நீங்கள் எடுக்கும் இடத்திலும் மாலை நேரத்தில் சோதித்துப் பார்க்க ஒரு நாளாவது கேளுங்கள். மறுப்பவரிடம் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள். நாங்கள் புகார் அனுப்பிய பிறகு அந்த விற்பனையாளரின் பக்கத்திலிருந்து 'டெடிகேட்டட்' என்ற சொல் காணாமல் போய்விட்டது. பழைய பக்கத்தின் அச்சுப் பிரதி ஆணையத்தில் கொடுத்த ஆவணங்களோடு இருக்கிறது.