குரோ லைட்டுக்குக் கண்ணாடி மூடி: ஏற்காட்டிலும் சேலத்திலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஏற்காட்டு வீட்டில் ஆர்க்கிடும் பிகோனியாவும். சேலம் அழகாபுரத்தில் அம்மா வீட்டில் கீரைத் தளிர்த் தட்டுகள். இரண்டு இடத்திலும் செடி வளர்க்க ஒரே மாதிரி 100 வாட் எல்.இ.டி. பலகை விளக்கு (குரோ லைட்), அதில் ஈரம் படாமல் இருக்க முன்னால் 4 மி.மீ. டஃபண்ட் (பதப்படுத்தி வலுவாக்கிய) கண்ணாடி. சில வருடங்களாக இப்படி ஓட்டியதில் ஏற்காட்டில் கண்ணாடி அப்படியே இருக்கிறது, சேலத்தில் கழற்றிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணாடி வெளிச்சத்தை விழுங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது விழுங்குவது கொஞ்சம்தான், திருப்பி அனுப்புவதுதான் அதிகம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போது 4 சதவீதம், வெளியே வரும்போது இன்னொரு 4 சதவீதம் பிரதிபலித்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் இரும்பு ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் பத்தில் ஒரு பங்கு. செல்போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பில் பார்த்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்தது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு, செடிக்கானது இல்லை என்பது சரிதான். ஆனால் அதே விளக்கு, அதே இடம், கண்ணாடி போட்டு ஒன்று, எடுத்து ஒன்று என்று விகிதம் மட்டும் பார்க்க அது போதும். விளக்கைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட்டு அளந்து பாருங்கள். போட்ட உடனே எல்.இ.டி. கொஞ்சம் கூடுதலாகவே அடிக்கும்.

இந்தப் பத்து சதவீதத்தை ஈடுகட்டுவது சுலபம். 12 மணி நேரம் எரிவதை 13 மணி 20 நிமிடமாக டைமரில் மாற்றினால் செடிக்கு ஒரு நாளில் சேரும் மொத்த வெளிச்சம் பழையபடி வந்துவிடும். 100 வாட் விளக்குக்கு மாதம் 4 யூனிட், இரண்டு மாத பில்லில் 8 யூனிட். செவ்வந்தி மாதிரி நீண்ட இரவு இருந்தால்தான் பூக்கும் செடிகளுக்கு மட்டும் இந்த வழி ஆகாது. அவற்றுக்கு விளக்கைத்தான் கீழே இறக்க வேண்டும்.

இறக்கும்போதுதான் இன்னொரு விஷயம் தெரிகிறது. பத்து சதவீதம் என்பது நேராக விழும் வெளிச்சத்துக்கான கணக்கு. 60 டிகிரி சாய்வாக வந்தால் பிரதிபலிப்பிலேயே 15 சதவீதம் போய்விடும், 75 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். விளக்கு தாழத் தாழ, அலமாரி ஓரத்துக்குப் போகும் வெளிச்சம் சாய்ந்துகொண்டே போகும். ஏற்காட்டில் ஓரத்துத் தொட்டிகள் நடுவைப் பார்த்துச் சாய்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். பக்கவாட்டில் வெள்ளை போம் ஷீட் நிறுத்திய பிறகு நிமிர்ந்தன. நடுவில் மட்டும் அளந்துவிட்டு "ஒன்றும் குறையவில்லையே" என்பவர்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கண்ணாடியே செய்யும் நஷ்டம் இவ்வளவுதான், அது நாளாக நாளாக ஏறாது. அதன் மேல் படிவதுதான் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். சேலத்துப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சேலத்துக்காரர்களிடம் சொல்லவே வேண்டாம், குளியலறைக் குழாய் சொல்லும். அந்தத் தண்ணீரை ஸ்பிரே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் காயும். அதன் மேல் தெருப் புழுதி ஒட்டும். துணியால் துடைத்தால் புழுதி போகும், உப்பு போகாது. வினிகர் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் கண்ணாடியைக் கழற்றி வெளியே வைத்து. விளக்கின் அலுமினியத்தில் வினிகர் படக்கூடாது. ஒழுங்காகத் துடைக்காத கண்ணாடி, புதிதாக இருந்தபோது எடுத்ததைப் போல இரண்டு மடங்கு வெளிச்சத்தை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தளிர்த் தட்டுகளுக்குத் தண்ணீர் அடித்தட்டில் ஊற்றுவதுதான், மேலிருந்து தெளிப்பதில்லை. அப்புறம் அங்கே கண்ணாடி எதற்கு? சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது முன்பக்கமும் அடைபட்ட பலகை இன்னும் சூடாகும். எல்.இ.டி. சூடானால் வெளிச்சமும் குறையும், ஆயுளும் குறையும். "எடுத்துப் போட்ரா, துடைச்சு மாளல" என்று அம்மா சொன்னதும் கழற்றிவிட்டேன். இப்போது பலகையை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுவதோடு சரி.

ஏற்காடு வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆர்க்கிடுக்கு இலை மேலும் வேர் மேலும் தெளிக்கவும் வேண்டும். திறந்த பலகையில் இந்த ஈரம் பட்டால் சோல்டர் இடங்கள் பச்சை பூக்கும். அங்கே பத்து சதவீதம் கொடுத்துவிட்டு விளக்கைக் காப்பாற்றுவதுதான் லாபம். தெளிப்பதற்கு மழைத் தண்ணீர்தான் என்பதால் உப்புக்கறை கிடையாது. காலையில் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும் நீர், விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் சிலிகான் ஒட்டிய ஓரங்களில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், உள்பக்கமும் மங்கல் வரும். முழுக்க அடைக்காமல் கீழ் மூலையில் சின்ன இடைவெளி விட்டதில் உள்மங்கல் குறைந்தது.

கண்ணாடி வாங்குகிறவர்கள் விளிம்பைப் பாருங்கள். பச்சையடித்தால் சாதாரணக் கண்ணாடி. கடையில் 'எக்ஸ்ட்ரா கிளியர்' என்று கேட்டால் இரும்பு குறைந்தது கிடைக்கும், விலை கூடுதல். கிடைக்கும் லாபம் ஒன்றிரண்டு சதவீதம்தான், மேற்பரப்புப் பிரதிபலிப்பு அதிலும் அப்படியே இருக்கும். நான் வாங்க மாட்டேன். டஃபண்ட் என்றால் அளவைச் சரியாகக் கொடுத்துவிடுங்கள், பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. அக்ரிலிக் 92 சதவீதம் வரை விடும், புதிதாக இருக்கும்வரை கண்ணாடியைவிட நல்லது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். ஏற்கெனவே லென்ஸ் போட்டு வரும் விளக்குக்கு முன்னால் மறுபடி ஒரு கண்ணாடி வைக்காதீர்கள். இரண்டு அடுக்கில் நஷ்டமும் இரண்டு தடவை.