முதலாளி போனை எடுக்காவிட்டால் யார் முடிவெடுப்பது? ஒரு மாற்றுத் திட்ட சேவையின் மதிப்புரை

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஐம்பது முதல் இருநூறு பேர் வேலை செய்யும் தோல், ஷூ ஆலைகளுக்கு அவசரகால மாற்றுத் திட்டம் எழுதித் தரும் இரண்டு நாள் சேவை இது. ஆலோசகர்கள் இருவர் ஆலைக்கே வருகிறார்கள். முதல் நாள் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். இரண்டாம் நாள் மேசைப் பயிற்சி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கற்பனை அவசரத்தைச் சமாளித்துப் பார்ப்பது. முடிவில் கைக்கு வருவது ஒரு தடித்த கோப்பும், சுவரில் ஒட்ட ஒரு பக்க அட்டையும். கோப்பு அலமாரிக்குத்தான் போகும். அட்டைக்குக் காசு கொடுக்கலாம்.

சேவையின் உயிர் மேசைப் பயிற்சியில் இருக்கிறது. எடுத்த எடுப்பில் முதலாளியின் செல்போனை வாங்கி வைத்துவிட்டு, அவரை வாய் திறக்காமல் உட்காரச் சொல்கிறார்கள். மாலை நாலு மணி. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, சாய டிரம்மில் தோல் கிடக்கிறது, இரவு கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். டிரம் நின்ற இடத்தில் தோல் அப்படியே கிடந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை ஜெனரேட்டருக்குப் பணம் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி முதலாளி எண்ணுக்கு, வங்கி ஓடிபியும் அதே எண்ணுக்கு. அவர் விமானத்தில் இருந்தால், சரக்கு லாரிக்கு வேண்டிய இ-வே பில் போட ஆளில்லை, லாரி வாசலிலேயே நிற்கும்.

இதற்கு அவர்கள் தரும் தீர்வு கச்சிதம். அட்டையில் "நிலைமை மோசமானால்" போன்ற வழவழா வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஜெனரேட்டர் 20 நிமிடத்தில் கிளம்பாவிட்டால் வாடகைக்காரருக்குப் போன். 2 மணி நேரம் தாண்டினால் கன்டெய்னர்காரருக்கும் சரக்கு வாங்குபவருக்கும் தகவல். சூப்பர்வைசர் 10,000 ரூபாய் வரை, மேலாளர் 1 லட்சம் வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று பேர் வரிசையாக: முதல் ஆள் 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அடுத்தவர் முடிவே முடிவு. அந்த முடிவு பிறகு தப்பாகப் போனாலும் அவரைத் திட்டக் கூடாது என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கையெழுத்துக்குத்தான் பலர் தயங்குவார்கள். அது இல்லாத அட்டை வெறும் காகிதம். வங்கியில் இரண்டாவது கையெழுத்துக்காரரைச் சேர்க்க மாதிரிக் கடிதமும் தருகிறார்கள்: பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம், கூட்டு வியாபாரம் என்றால் எல்லாப் பங்குதாரர்களின் ஒப்புதல். வங்கி வேலை நாள் பிடிக்கும். அதைப் பயிற்சிக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

ஜெனரேட்டர் பகுதியும் தேறுகிறது. கிளம்பாததற்கு இன்ஜினைவிட பேட்டரிதான் அடிக்கடி காரணம் என்பதால், அதை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் லோடு கொடுத்து. சும்மா ஓடவிட்டால் கரி படியும், கோளாறும் வெளியே தெரியாது. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் லோடில் மணிக்குச் சுமார் 10 முதல் 12 லிட்டர் டீசல் குடிக்கும். ஆகவே 100 லிட்டர் இருப்பு ஒரு ஷிப்டுக்குத்தான் தாங்கும். டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

மோசமான ஓட்டை கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்தில் இருக்கிறது. "மயங்கியவரை உடனே வெளியே எடுக்கவும்" என்று கோப்பில் ஒரே வரி. ஆளைக் கொல்லும் வரி அது. சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. காப்பாற்ற இறங்குபவர் அடுத்த பிணமாவது இப்படித்தான். சரியான வரி இது: யாரும் இறங்காதே, மோட்டாரை நிறுத்து, 101, 108 இரண்டுக்கும் சொல், ப்ளோயரால் காற்றை அடி; வாயு அளவியும் காற்றுச் சிலிண்டர் முகமூடியும் இடுப்புக் கயிறும் உள்ள, பயிற்சி பெற்றவர் மட்டுமே இறங்கலாம்.

அட்டை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருப்பதும் குறைதான். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். வங்காளியிலும் இந்தியிலும் அட்டை கேட்டு வாங்குங்கள்.

வெள்ளப் பகுதி சென்னைக்கு எழுதியதை அப்படியே ஒட்டியது போல இருக்கிறது. பாலாறு வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடப்பதால் இங்கே ஆற்றை மறந்துவிடுகிறோம். 2021 நவம்பரில் கரை புரண்டதையும் சேர்த்து. சித்தூர் பக்கம் கலவகுண்டா அணை திறந்தால் பொன்னையாறு வழியாகத் தண்ணீர் இராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றுக்கு வரும். அணை திறப்பு அறிவிப்பைத்தான் அட்டையில் எச்சரிக்கைக் குறியாகப் போட வேண்டும், பக்கத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இரண்டும் இல்லை.

தொடக்கத்தில் 1806 ஜூலை 10 வேலூர் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சிக் கதையைச் சொல்கிறார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார், அங்கிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து கோட்டையை மீட்டார், ஆகவே தகவல் சங்கிலி முக்கியம் என்று முடிக்கிறார்கள். சரிதான். ஆனால் விடிவதற்குள் கோட்டையைப் பிடித்த சிப்பாய்களிடம் "பிடித்த பிறகு வாயிலைக் காப்பது யார்" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதைச் சொன்னால் வேலூர்க்காரர்களுக்கு இன்னும் உறைக்கும்.

ஷூ மேல்பாகம் தைக்கும் ஆலைக்கு இதை அப்படியே வாங்கலாம். ஈரத்தோல் வேலை நடக்கும் ஆலை, தொட்டிப் பகுதியைத் திருத்தி எழுதித் தந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்கட்டும். பயிற்சியைப் பகலில் மட்டும் நடத்துகிறார்கள்; இரவு ஷிப்டுக்கும் ஒருமுறை நடத்துவதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும், மேலாளர் வீட்டில் இருக்கும் நேரம் அதுதானே.