பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன்: ஹெட் கேஸ்கட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனிக்க

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்போது பாலத்து நெரிசலில் காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் டீ ஆடை மாதிரி பழுப்பு நுரை. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போச்சு என்று எனக்கே தெரிந்தது. சிஓஇ (கார் வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்று) புதுப்பித்து ஒரு வருடம்கூட ஆகாத காடி, கழிக்க மனசு வரவில்லை. எல்லோரும் 1,500 வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் சொன்ன வேலையை ஒரு வொர்க்‌ஷாப்பில் 900க்கு முடித்துத் தருகிறேன் என்றார்கள், விட்டுவிட்டேன். என் புத்தி.

கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காற்றழுத்தத்தில் சுழலும் கைக் கருவியில் உரசும் டிஸ்க்கை மாட்டி, ஒரு பையன் பிளாக்கின் மேல்பக்கத்தைத் தேய்க்கிறான், பழைய கேஸ்கட் நிமிடத்தில் போய் இரும்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சிலிண்டர் வாயில் ஒரு துணிகூட அடைக்கவில்லை. அலுமினிய ஹெட்டுக்கும் அதே டிஸ்க்தான். எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறான் என்று நினைத்தேன் பாருங்கள்!

ஐந்தே வாரம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மறுபடி குறைந்தது, அப்புறம் ஆயில் விளக்கும் எரிந்தது. வேறொரு மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி, தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க நேர்ச்சட்டத்தை மூலைக்கு மூலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிக் காட்டினார். 0.05 மில்லிமீட்டர் தகடே நுழையக் கூடாதாம், என்னுடையதில் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே 0.15 தாராளமாகப் போனது. “கையால விரட்டுற டிஸ்க் தம்பி, மெத்தென்று இருக்கிற இடத்தைக் குழி பறிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால தடவிப் பாருங்க” என்றார். தடவினேன், இருந்தது.

அதைவிட மோசம் டிஸ்க்கிலிருந்து உதிர்ந்த அலுமினியம் ஆக்சைடு தூள். ஆயில் வழியில் இறங்கி எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கையே அரைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இதற்காகவே தன் மெக்கானிக்குகளுக்கு இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தாதே என்று எச்சரித்துச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கெமிக்கல் தெளித்து ஊறவிட்டு பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பதுதான் முறை, அரை நாள் போகும், அந்த அரை நாளைத்தான் 900 வெள்ளிக்காரர் மிச்சம் பிடித்தார். போல்ட் குழிகளில் ஆயிலும் அப்படியே தேங்கி நின்றது. அதோடு முறுக்கினால் இறுக்கம் சரியாக வராது, பிளாக்கே விரிசல் விடலாம்.

கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: எதை வைத்துச் சுத்தம் செய்வீர்கள், நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கும்போது போட்டோ எடுத்து அனுப்புவீர்களா? முகம் சுளித்தால் காடியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த 900 வெள்ளி முதலாளியிடம் கேட்டதற்கு, “பழைய காடி பாஸ், அப்படித்தான் இருக்கும்” என்றார். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி வரை கோரலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். வெட்டிப் பார்த்த ஆயில் ஃபில்டரை, உள்ளே உலோகத் தூள் மினுமினுப்போடு, ஜிப்லாக் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஃபைல் பண்ணப் போகிறேன்.