ஆர்சிஸ்லாக் புது டெவலப்மென்ட் பில்ட்: எண் போட்டு அனுப்பிப் பார்த்தேன்

லாக் சாஃப்ட்வேர், அதாவது மெஷினில் நடப்பதைப் பதிவு செய்து வேறு சர்வருக்கு அனுப்பும் சாஃப்ட்வேர், தேறுமா தேறாதா என்பது எல்லாம் ஒழுங்காக ஓடும்போது தெரியாது, லாக்கை வாங்கிக்கொள்ளும் சர்வர் மண்டையைப் போட்ட பிறகுதான் தெரியும். அதனால் லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் ஆர்சிஸ்லாக்கின் புது டெவலப்மென்ட் பில்டை (இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பு) இரண்டு டெஸ்ட் மெஷினில் போட்டு, 1 முதல் 1,00,000 வரை எண் போட்ட வரிகளை, லாக்கில் வரி எழுதும் லாகர் கமாண்டில் அனுப்பி, நடுவில் வாங்கும் பக்கத்தை நிறுத்தி, எந்த எண் விட்டுப்போகிறது என்று பார்ப்பது என முடிவு செய்தேன். வேறு பெஞ்ச்மார்க் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் சுற்றில் பாதி கூட வந்து சேரவில்லை, இத்தனைக்கும் அப்போது நான் எதையும் நிறுத்தக்கூட இல்லை! பில்டைத் திட்டலாம் என்று வாயெடுத்தால், காரணம் லாக்கிலேயே கிடக்கிறது. சிஸ்டத்தின் ஜர்னலிலிருந்து செய்திகளை எடுத்துத் தரும் ஐஎம்ஜர்னல் மாட்யூல் 600 விநாடிக்குள் 20,000 செய்திகளைத் தாண்டினால் மீதியைக் கீழே போட்டுவிடும், டிஃபால்ட்டே அதுதான். அந்த ஜர்னலை எழுதும் ஜர்னல்டிக்கு வேறு தனியாக ஒரு வரம்பு. டெஸ்ட்தானே என்று இரண்டையும் எடுத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யூடிபி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சர்வர் படுத்திருந்த நேரத்து வரிகள் சத்தமில்லாமல் போயின. இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் டிசிபியில்தான் விஷயம். அனுப்பக் காத்திருக்கும் வரிகளின் க்யூவுக்கு லிங்க்ட்லிஸ்ட் வகை, கூடவே ஒரு ஃபைல்நேம், மறுமுயற்சிக்கு -1 (விடாமல் முயல்வது) என்று வைத்தால் நிறைந்து வழிவதெல்லாம் டிஸ்கில் போய் உட்கார்ந்துகொண்டு, சர்வர் எழுந்ததும் வரிசையாக வந்துவிடுகிறது. ஆனால் நிறுத்திய அந்த நொடியில் மட்டும் சில எண்கள் காணோம். இது பில்டின் பிழை இல்லை, வரியைத் தன் மெஷினின் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) வைத்திருக்கும் பஃபரில் போட்டதுமே போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வதால் சாதா டிசிபியில் இப்படித்தான் ஆகும். இதற்காகவே செய்யப்பட்ட ரெல்ப் என்ற அனுப்பும் முறைக்கு மாற்றினேன், அதில் எதிர்ப்பக்கம் கிடைத்தது என்று சொன்னால்தான் கணக்கு. லட்சமும் வந்தது, சில எண்கள் இரண்டு தடவை வந்தன. காணாமல் போவதற்கு இரட்டிப்பு எவ்வளவோ மேல்.

ஒரு பொறி மட்டும் உண்டு. தனி க்யூ வைக்காமல் மறுமுயற்சியை மட்டும் -1 ஆக்கினால், எதிர்ப்பக்கம் படுத்ததும் மெயின் க்யூ நிரம்பி, உள்ளூர் ஃபைலில் எழுதுவதும் சேர்ந்து நின்றுவிடும். நான் ஒரு தடவை இப்படிச் செய்து, தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் மெஷினுக்குள் போகவே முடியாமல் அசடு வழிந்திருக்கிறேன்.

பிடிக்காதது கான்ஃபிக். பழைய சிஸ்லாக் கால ஒற்றை வரி, டாலர் போட்டுத் தொடங்கும் நடுக்கால நடை, இப்போதைய ரெய்னர்ஸ்கிரிப்ட், மூன்றும் ஒரே ஃபைலில் கலந்து கிடந்தாலும் ஓடும். ஓடுவதுதான் பிரச்சனையே, யாரும் சுத்தம் செய்வதில்லை. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் -N1 ஆப்ஷனில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், அது தப்பான வரியின் எண்ணோடு சொல்லிவிடும்.

சரி, போடலாமா? டெஸ்ட் மெஷினில் தாராளமாக. லைவில் வேண்டாம், ஸ்டேபிள் வரட்டும். இதை எழுதும்போது 6514 போர்ட்டில் டிஎல்எஸ் (குறியாக்கம்) போட்டு அதே லட்சம் வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, 40,000 தாண்டியதும் கேபிளைப் பிடுங்கப் போகிறேன்.